பலூனா, புள்ளியா? துப்பாக்கி சுடும் ஆசை இருந்தா முதல்ல இதைப் படிங்க!

பிஜிஎம்ஐ ஆடுறீங்க. கையில் மினி14 கிடைச்சா என்ன பண்ணுவீங்க? எதிரி தலை தெரிஞ்சதும் தட்... தட்... தட்னு அடுத்தடுத்து அடிப்பீங்க. நாலு குண்டு வீணானாலும் அஞ்சாவது படும். அதே இடத்தில் கார்98 கிடைச்சா? மூச்சைப் பிடிச்சு, குறியை நிறுத்தி, ஒரே ஒரு ஷாட். தவறினால் அடுத்த தோட்டா ஏறுவதற்குள் நீங்க லாபிக்குத் திரும்பியிருப்பீங்க.

துப்பாக்கி சுடும் விளையாட்டு மொத்தமும் இந்த ரெண்டு குணத்துக்கு நடுவில்தான் இருக்கு. ஒண்ணு, ஜாலிக்காகச் சுடுவது. இன்னொண்ணு, துல்லியத்துக்காகச் சுடுவது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், மதுரையில் இருக்கிற உங்களுக்கு எந்தக் கதவு திறந்திருக்கு, எதைத் தொட்டால் கேஸ் ஆகும்? வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

செமி ஆட்டோமேட்டிக்னா என்ன?

கார்98 போன்ற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் ஒருமுறை சுட்டதும், பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை நீங்களே இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றணும். செமி ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கும். தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வாயுவின் அழுத்தமோ, பின்னுதைப்போ உள்ளே இருக்கும் பாகத்தைப் பின்னுக்குத் தள்ளும். காலிக் கூடு வெளியே விழும். ஸ்பிரிங் திரும்பி வந்து அடுத்த தோட்டாவை ஏற்றிடும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான். விரலை விட்டு மறுபடி இழுத்தால் அடுத்தது. அழுத்திப் பிடிச்சிருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருந்தால் அது ஃபுல் ஆட்டோமேட்டிக்.

அமெரிக்க வீடியோக்களில் பார்க்கும் ஏஆர்-15 இந்த செமி ஆட்டோமேட்டிக் வகைதான். அந்த 'ஏஆர்' ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. பலர் நினைப்பது போல 'அசால்ட் ரைஃபிள்' என்பதன் சுருக்கம் இல்லை. அங்கே இதை 'ஸ்போர்ட்டிங் ரைஃபிள்' என்று துப்பாக்கித் தொழில் தரப்பு அழைக்குது. பள்ளிக்கூடங்களில் நடந்த துப்பாக்கிச்சூடுகளிலும் இதே வகை பயன்பட்டிருப்பதால், அந்தப் பெயரே அங்கே பெரிய சண்டைக்குரிய விஷயம்.

ஜாலி வேற, துல்லியம் வேற

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி டின்னை வரிசையா நிறுத்தி, 'டங்'னு சத்தம் வரும் வரை சுடுவதை அங்கே 'பிளிங்கிங்' என்கிறார்கள். மலிவான தோட்டா போதும். எங்கே பட்டாலும் சந்தோஷம். சத்தமும் வேகமும்தான் அதில் கிக்.

துல்லியச் சுடுதலில் துப்பாக்கியும் அதுவே, ஆளும் அவரேதான். ஆனா மனசு வேற. ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் பெரிய ரைஃபிள் போட்டிகள் நடக்குது. அதில் சர்வீஸ் ரைஃபிள் பிரிவில் ஏஆர்-15 வகைதான் அதிகம். 200 கஜத்தில் உட்கார்ந்து, 60 விநாடியில் 10 குண்டு சுடும் சுற்று உண்டு. 600 கஜத்தில் படுத்துக்கொண்டு 20 குண்டை நிதானமாகச் சுடும் சுற்றும் உண்டு. அங்கே 10 புள்ளி வளையத்தின் அகலம் 12 அங்குலம்.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் ஒரு கரை சுமார் 300 மீட்டர். கிட்டத்தட்ட ரெண்டு தெப்பக்குள நீளம் தள்ளி ஒரு தோசைக்கல்லை வைத்து, அதன் மேல் 20 குண்டையும் போடணும்!

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: அந்த 600 கஜச் சுற்றில், கையில் செமி ஆட்டோமேட்டிக் இருந்தாலும் ஒவ்வொரு தோட்டாவாகக் கையில் எடுத்துப் போட்டுத்தான் சுடுறாங்க. துப்பாக்கி தரும் வேகம் அங்கே தேவைப்படலை.

ஒலிம்பிக்கும் இதையேதான் சொல்லுது. ஒலிம்பிக் ரைஃபிள் பிரிவுகளில் செமி ஆட்டோமேட்டிக்குக்கு இடமே இல்லை. ஒரு தோட்டா போடு, ஒரு முறை சுடு, அவ்வளவுதான்.

வேகமும் துல்லியமும் சேர்ந்தால்?

அப்படின்னா செமி ஆட்டோமேட்டிக்குக்கு ஒலிம்பிக்கில் வேலையே இல்லையா? இருக்கு, பிஸ்டலில். 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் பிரிவில் அஞ்சு இலக்குகள் வரிசையா நிற்கும். அஞ்சுக்கும் ஒவ்வொரு குண்டு. முதலில் 8 விநாடி தருவாங்க, அப்புறம் 6, கடைசியில் 4. இதில்தான் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் இந்தியாவுக்கு வெள்ளி வாங்கித் தந்தார். இறுதிச் சுற்றில் அவர் எடுத்தது 30. தங்கம் வென்ற கியூபாவின் லியூரிஸ் பூபோ 34.

நாலு விநாடியில் அஞ்சு குண்டு சுடுவதை 'சரமாரி'ன்னு நினைச்சுடாதீங்க. ஒவ்வொரு குண்டுக்கும் தனி இலக்கு, தனிக் குறி. வேகம் அதிகமாக அதிகமாக, நிதானமும் அதிகமாக வேண்டிய விளையாட்டு அது.

நடிகர் அஜித் குமார் 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் கலந்துக்கிட்டது ஞாபகம் இருக்கா? வெளியே ரசிகர் கூட்டம் அலைமோதியது. உள்ளே அவர் மத்தவங்களோடு வரிசையில் நின்னு, பிஸ்டல் பிரிவுகளில் சுட்டுப் பதக்கங்கள் வாங்கினார். ரேஞ்சில் ஸ்டாருக்குத் தனி இலக்கு கிடையாது.

ஏஆர்-15 இங்கே வாங்க முடியுமா?

இல்லை, மறந்துடுங்க. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இங்கே எல்லாத்தையும் தீர்மானிக்குது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள் கடும் கட்டுப்பாடுள்ள முதல் வகையில் வருது. அதுக்கு அனுமதி தரும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கு. சாதாரண லைசென்ஸில் இது கிடைக்காது.

மத்ததையும் தெரிஞ்சுக்கோங்க:

* சாதாரண லைசென்ஸுக்கு மதுரை மாநகரில் போலீஸ் கமிஷனரிடமும், மாவட்டத்தின் மத்த பகுதிகளில் கலெக்டரிடமும் விண்ணப்பிக்கணும்.
* 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூணிலிருந்து ரெண்டாகக் குறைஞ்சிருக்கு. சாதனை படைத்த விளையாட்டு வீரர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு.
* லைசென்ஸ் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தானியங்கி போன்ற தடை செய்யப்பட்ட ஆயுதம் என்றால் 7 முதல் 14 ஆண்டு.
* கல்யாணம், திருவிழா, பிறந்தநாள்னு கொண்டாட்டத்தில் அஜாக்கிரதையாகச் சுட்டு, மத்தவங்க உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். லைசென்ஸ் வச்சிருக்கிறவருக்கும் இது பொருந்தும்.

திறந்திருக்கும் கதவு: 10 மீட்டர்

இவ்வளவு சொன்னதும் 'அப்போ நமக்கு ஒண்ணுமே இல்லையா?'ன்னு தோணும். இருக்கு. அதுவும் ஒலிம்பிக் வரை போகும் கதவு. பேர், 10 மீட்டர் ஏர் ரைஃபிள். வெடிமருந்தே இல்லை. அழுத்தப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட், அவ்வளவுதான்.

சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட்டிருப்பீங்க. பத்துக்கு எட்டு உடைச்சா, கூட வந்த தங்கச்சி முன்னாடி நாம ஹீரோ. இப்ப ஒரு கணக்குப் போடுவோம். பலூன் 15 சென்டிமீட்டர் அகலம், நீங்க நிற்கும் தூரம் 3 மீட்டர்னு வச்சுக்குவோம். அதே சுலபத்தில் 10 மீட்டர் தள்ளி ஒரு இலக்கு வைக்கணும்னா, அது அரை மீட்டர் அகலம் இருக்கணும். ஒலிம்பிக் இலக்கின் நடுப்புள்ளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். பலூனைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு!

இலக்கு முழுசுமே 45.5 மில்லிமீட்டர்தான். 75 நிமிஷத்தில் 60 ஷாட், எல்லாமே நின்னுக்கிட்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதிகபட்சம் 10.9. அந்த 10.9 விழணும்னா, பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் இருக்கணும். கையில் இருக்கும் ரைஃபிள் 5.5 கிலோ வரை கனக்கலாம். உங்க இதயத் துடிப்பே குறியை ஆட்டிப் பார்க்கும்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் எடுத்தது 630.7. சராசரியா ஒரு ஷாட்டுக்கு 10.5. ஆனாலும் 10-ம் இடம். முதல் 8 பேருக்குத்தான் ஃபைனல். அதே சுற்றில் 631.5 எடுத்த ரமிதா ஜிண்டால் 5-ம் இடத்தில் ஃபைனலுக்குப் போனார். ரெண்டு பேருக்கும் 60 ஷாட்டில் வித்தியாசம் வெறும் 0.8. துல்லியம்னா இதுதான்.

மதுரையில் எப்படி ஆரம்பிக்கலாம்?

* முதலில் கிளப், அப்புறம்தான் துப்பாக்கி. மதுரை ரைஃபிள் கிளப் இருக்கு. தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள கிளப்பா என்று கேட்டுச் சேருங்க. மாவட்டம், மாநிலம், தேசியம்னு போட்டிகளுக்கு வழி அங்கிருந்துதான்.
* அவசரப்பட்டு வாங்காதீங்க. போட்டிக்கான வெளிநாட்டு ஏர் ரைஃபிள் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆரம்பத்தில் கிளப் ரைஃபிளில் பழகினால் போதும். சில மாசம் கழிச்சும் ஆசை குறையலைன்னா யோசிக்கலாம்.
* லைசென்ஸ் வேணுமா? 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேல் போகாத ஏர்கன்னுக்குத் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து, பில்லோடு வாங்குங்க. பில்லைப் பத்திரமா வையுங்க.
* பெல்லட் இல்லாமலும் பயிற்சி உண்டு. குறி வைத்து, மூச்சை அடக்கி, விசையை மட்டும் இழுத்துப் பழகுவது 'டிரை ஃபயர்'. போட்டி ரைஃபிள்களில் இதுக்குத் தனி வசதியே இருக்கு. ஸ்பிரிங் ஏர்கன்னில் மட்டும் இதைச் செய்யாதீங்க, உள்பாகம் கெட்டுடும்.
* நாலு விதி. எல்லாத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியதுன்னே நினைங்க. குழலை ஆள் பக்கம் திருப்பாதீங்க. குறி வைக்கும் வரை விசையில் விரல் வேண்டாம். இலக்குக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க.
* கை கழுவுங்க. பெல்லட் ஈயம். சுட்டு முடிச்சு அப்படியே பரோட்டாவில் கை வைக்காதீங்க.

கண்மாய்க் கொக்கு இலக்கு இல்லை

லைசென்ஸ் தேவையில்லாத ஏர்கன் கையில் வந்ததும், டின் சீக்கிரமே சலிச்சுடும். அடுத்து கண்ணில் படுவது கண்மாய்க் கொக்கு, வரப்பில் ஓடும் கௌதாரி, தோட்டத்து மயில். 'ஒரே ஒரு ஷாட்'தானேன்னு தோணும். தப்பு நடப்பது இங்கேதான்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்னா, வேட்டைக்கு அனுமதின்னு அர்த்தம் இல்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எதில் சுட்டீங்கன்னு பார்க்காது. கவண் ஆனாலும் ஏர்கன் ஆனாலும் ஒண்ணுதான். மயில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 'பயிரை அழிக்குது சார்'னு சொன்னாலும் நீங்களே தண்டனை கொடுக்க முடியாது. வனத்துறையிடம்தான் போகணும்.

மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதே, ஞாபகம் இருக்கா? வல்லூறுகளும் கழுகுகளும் கூடு கட்டும் பாறைகள் இருக்கும் இடம் அது. இந்தச் சமவெளியில் பறவைகள் இருப்பதே நமக்குப் பெருமை. அதில் ஒண்ணைச் சுட்டு ரீல் போட்டால், அந்த ரீலே உங்களுக்கு எதிரான சாட்சி.

மொட்டை மாடியும் ரேஞ்ச் இல்லை. தவறிய பெல்லட் அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போடும் அக்காவின் கண்ணில் பட்டால், பார்வை போயிடும். அப்புறம் 'விளையாட்டுக்குத்தான் சுட்டேன்'னு சொல்லி எந்தப் பிரயோஜனமும் இல்லை.

கடைசியா ஒரு டெஸ்ட்

உங்களுக்கு எது செட் ஆகும்னு தெரிஞ்சுக்க, துப்பாக்கியே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடிச்சு, கையை நேரா நீட்டி, சுவரில் பேனாவால் வைத்த ஒரு புள்ளிக்கு நேரா பாட்டில் மூடியை ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்க. இருபதாவது விநாடியில் கை நடுங்கும். போன் அடிக்கும். மனசு எங்கேயோ போகும்.

'போர்'னு பாட்டிலைக் கீழே வச்சுட்டீங்களா? தப்பே இல்லை, உங்களுக்குப் பொருட்காட்சி பலூன் போதும். வருஷா வருஷம் போய் ஜாலியா உடைங்க. 'இன்னொரு தடவை பார்ப்போம்'னு தோணுச்சா? அப்போ ரைஃபிள் கிளப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க.