சட்டசபையில் சேர் பொன். இராமநாதன்

சேர் பொன். இராமநாதன் என்றதும், கொச்சிக்கடையில் அவர் கருங்கல்லாற் புதுக்கிய சிவாலயமும் யாழ்ப்பாணத்தில் நிறுவிய கல்லூரிகளுமே நம்மவர் நினைவுக்கு வரும். இலங்கைச் சட்டநிரூபண சபையில் அவர் ஆற்றிய உரைகளைப் படிப்போர் குறைவு.

1851இல் பிறந்த அவர், 1879இல் தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமிக்குப் பின் தமிழர் பிரதிநிதியாகச் சபை புகுந்தார். சொலிசிட்டர் ஜெனரலாகவும் கடமையாற்றினார். 1911இல் படித்த இலங்கையருக்கென ஏற்பட்ட ஒரேயோர் ஆசனத்தை டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவுடன் போட்டியிட்டு வென்றார்.

1915 மே இறுதியில் சிங்கள - முஸ்லிம் கலவரம் மூண்டது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. கலவரம் அடங்கிய பின்னும் அது நீடித்தது. ஜூலை 7இல் ஹென்றி பெதிரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார், டி. எஸ். சேனநாயக்க முதலியோர் சிறையில் கிடந்தனர். சபையின் 21 பேரில் 11 பேர் அரசாங்க உத்தியோகத்தர். வாக்கெடுப்பில் வெல்ல வழியேயில்லை. ஆயினும் இராமநாதன் எழுந்தார். விசாரணையின்றி மக்களைச் சுட்டது எந்தச் சட்டப்படி என்று, வழக்கறிஞருக்குரிய நிதானத்தோடு, ஆதாரங்களை அடுக்கி வாதாடினார். அவ்வுரைகள் 1916இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. போர்க்கால அபாயத்தையும் பாராது இலண்டன் சென்று முறையிட்டுத் திரும்பிய அவரைச் சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியில் இழுத்துச் சென்றனர் என்பர். கடைகளையும் வீடுகளையும் இழந்த முஸ்லிம்களின் துயருக்கு அவர் போதிய இடமளிக்கவில்லை என்ற மனக்குறையும் நெடுங்காலம் இருந்தது. அது நியாயமான குறையே.

முதுமையில் டொனமூர் ஆணைக்குழு சிபாரிசு செய்த சர்வசன வாக்குரிமையையும் எதிர்த்தார். அதில் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. 1930 நவம்பர் 26இல் காலமானபோதும் அவர் சபை அங்கத்தவராகவே இருந்தார்.