நிரப்புவதும் நறுக்குவதும்: இரைப்பைப் பலூனும் ஸ்லீவ் அறுவையும்

கோவையில் உடல் பருமன் சிகிச்சைக்கு ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பலருடைய முதல் கேள்வி, “கத்தி வெக்காமப் பண்ண முடியுமுங்களா?” என்பதுதான். இரைப்பைப் பலூனையும் ஸ்லீவ் அறுவையையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துவது இந்தக் கேள்வியே. கேள்வி நியாயமானது, கத்திக்கு அஞ்சுவதில் தவறேதுமில்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கப் பார்க்க, அவற்றைப் பிரிக்கும் கோடு வேறிடத்தில் ஓடுவது தெரிகிறது. அந்தக் கோட்டின் பெயர் காலம்.

தோற்றத்தில் ஒன்று கூட்டல் கணக்கு, மற்றது கழித்தல் கணக்கு. பலூன் 400 முதல் 700 மில்லி வரை உப்புநீரைத் தாங்கி இரைப்பைக்குள் இடத்தை அடைக்கிறது. ஸ்லீவ் இரைப்பையின் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி அகற்றி, ஒடுங்கிய குழலொன்றை மட்டும் விட்டுவைக்கிறது. முன்னதில் உறுப்பு முழுமையாக இருக்கிறது, இடம் இல்லை. பின்னதில் இடத்தோடு உறுப்பும் போய்விடுகிறது. உண்பவருக்கோ இரண்டிலும் அனுபவம் ஒன்றே: சில கவளங்களில் வயிறு நிறைந்துவிடுகிறது.

பிறப்பு வரலாற்றில் இவ்விரண்டும் எதிர்பாராத உறவினர்கள். இரண்டும் வேறொன்றிலிருந்து கிளைத்தவை. தலைமுடியையோ செரிக்காத நாரையோ விழுங்கியவர்களின் இரைப்பையில் அவை உருண்டு திரண்டு கட்டியாகத் தங்குவதுண்டு. அப்படிப்பட்டவர்கள் உண்ண முடியாமல் மெலிந்துபோவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருந்தார்கள். அந்த நோயையே செயற்கையாக உண்டாக்கி மருந்தாக்கினால் என்ன என்ற எண்ணத்தில், டென்மார்க்கைச் சேர்ந்த நீபனும் ஹார்போவும் 1982இல் ‘லான்செட்’ இதழில் பலூனை முன்வைத்தார்கள். ஸ்லீவின் கதையில் நோயின் இடத்தில் ஒரு பாதி வேலை இருக்கிறது. குடலையும் மாற்றியமைக்கும் பெரிய அறுவையின் முதற்கட்டமாகத்தான் அது செய்யப்பட்டுவந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில் மிஷேல் காக்னே குழுவினர், மிக அதிக எடை கொண்டவர்களுக்கு முழு அறுவையையும் ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்று முதற்கட்டத்தோடு நிறுத்தினார்கள். இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருந்த காலத்திலேயே பலருக்கு எடை நன்கு குறைந்துவிட்டது. வழியில் இளைப்பாற அமைத்த இடமே போய்ச்சேரும் ஊராகிவிட்டது.

பிறகு பாதைகள் பிரிகின்றன. ஸ்லீவ் ஏறுமுகமாகச் சென்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் எடைக்குறைப்பு அறுவையானது. பலூன் ஒருமுறை விழுந்தே எழுந்தது. 1985இல் அமெரிக்க அனுமதி பெற்ற காரன்-எட்வர்ட்ஸ் குமிழி, 220 மில்லி காற்று அடைத்த உருளை. அதை வைத்தவர்களையும், வைத்ததாகப் பாவனை செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், எடைக்குறைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரைப்பைப் புண்கள் மட்டும் மிஞ்சின. 1988இல் விற்பனை நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஃபுளோரிடாவில் கூடிய வல்லுநர்கள், நல்ல பலூன் வழவழப்பாக இருக்க வேண்டும், காற்றுக்குப் பதில் திரவம் நிரப்ப வேண்டும் என்றெல்லாம் இலக்கணம் வகுத்திருந்தார்கள். அந்த இலக்கணத்தில் உருவாகி இன்று ‘ஆர்பெரா’ என வழங்கும் பலூனுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2015இல்தான்.

கொங்கு நாட்டில் இந்த ஒப்பீட்டுக்குத் தனி அழுத்தம் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழகப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். அதே சமயம், லேப்ராஸ்கோபி அறுவை தமிழகத்தில் முன்னதாகவே வேரூன்றிய ஊர்களில் கோவை ஒன்று, கோவையின் ராமநாதபுரம் பகுதியில் சி. பழனிவேலு கட்டியெழுப்பிய ஜெம் மருத்துவமனை அதற்குச் சான்று. ஆகவே இங்கே ஒருவர் பலூனைத் தேர்ந்தால், அறுவைக்கு வழியில்லை என்பது காரணமாக இருக்காது.

அருகில் சென்று பார்ப்போம். இடப்பக்கமாகப் படுக்கவைத்து, மயக்கமூட்டி, சுருட்டிய பலூனை வாய்வழியே இறக்கி, எண்டோஸ்கோப்பில் பார்த்தபடி உப்புநீரை நிரப்புகிறார்கள். அந்த நீரில் மெத்திலீன் நீலம் கலந்திருக்கும். பலூன் கசிந்தால் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ மாறி எச்சரிக்கும். வேலை அரைமணி நேரத்துக்குள் முடிகிறது. ஸ்லீவுக்கு முழு மயக்கம், வயிற்றில் நாலைந்து சிறு துளைகள், வெட்டிக்கொண்டே தைக்கும் ஸ்டேப்ளர், இரண்டு மூன்று நாள் மருத்துவமனை வாசம். இதுவரை கணக்கு எதிர்பார்த்தபடியே இருக்கிறது. அடுத்த மூன்று நாட்களில் அது மாறுகிறது. பலூன் வைத்தவரில் பெரும்பாலோருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி. தாங்க மாட்டாமல் முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்வோரும் உண்டு. ஸ்லீவ் செய்துகொண்டவரோ பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ வராந்தாவில் நடக்கத் தொடங்கிவிடுகிறார். ‘அறுவை இல்லை’ என்பதை ‘அவதி இல்லை’ என்று வாசித்துக்கொள்பவர்களை இந்த நாட்கள் திகைக்கவைக்கின்றன.

சாப்பாட்டுத் தட்டில் மீண்டும் இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு மசித்த உணவு, சில வாரம் கழித்துத் திட உணவு. கொள்ளு ரசமும் மோரும் முதலில் வரும்; கடைந்த பச்சைப்பயறும் நாமக்கல் முட்டையும் பிறகு வரும். அரிசிம்பருப்புச் சோறு இருவருக்குமே குழந்தைக்கான அளவுதான், அதுவும் புரதத்தைத் தின்று முடித்த பிறகு. எதிரியும் ஒன்றே: சர்க்கரைத் திரவம். தெருமுனைப் பேக்கரியின் ரோஸ் மில்க்கும் இனிப்புத் தேநீரும் பலூனைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும்; ஸ்லீவின் குழலிலும் தடையின்றி ஓடிவிடும். மெல்ல வேண்டியதை மட்டுமே இரண்டாலும் தடுக்க முடியும்.

எண்களில் இடைவெளி பெரிது. ஆர்பெராவின் அமெரிக்க ஆய்வில் ஆறு மாத முடிவில் உடலெடையில் சுமார் 10 விழுக்காடு குறைந்தது. ஸ்லீவ் ஓரிரு ஆண்டுகளில் 25 முதல் 30 விழுக்காடு வரை குறைக்கிறது. 100 கிலோ எடையுள்ளவர் முன்னதில் 90ஐ அடைவார், பின்னதில் 70–75ஐ அடைவார். இந்த இடைவெளிக்கு இடத்தின் அளவு மட்டும் காரணமில்லை. ஜப்பானியர்கள் 1999இல் கண்டறிந்த கிரெலின் என்னும் பசி ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். ஸ்லீவ் வெட்டி எறிவதும் அந்தப் பகுதியைத்தான். பலூன் வயிற்றை அடைக்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. பசியைச் சுரக்கும் இடத்தை அது அகற்றுவதில்லை. எனவே ஆறு மாதத்திலோ, ஒரு வருடம் தாங்கும் வகையென்றால் பன்னிரண்டு மாதத்திலோ, அதை எடுத்ததும் பழைய பசி முழு உரிமையோடு திரும்புகிறது. விழுங்கும் காப்சூலாக வந்து சுமார் 16 வாரத்தில் தானே வடிந்து வெளியேறும் புதிய பலூனுக்கும் இதுவே விதி. ஒட்டு மாங்கன்றுக்கு நட்டுக் கட்டும் குச்சி போன்றது பலூன். வேர் பிடிக்கும்வரை தாங்கும். அதற்குள் வேர் பிடிக்காவிட்டால் குச்சியை எடுத்ததும் கன்று சாயும். நடையும் புரதமும் நேரத்துக்குத் தூக்கமும் அந்த மாதங்களில் பழக்கமாகிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆபத்தை எடைபோடும்போதும் தராசு ஒரே பக்கம் சாய்வதில்லை. ஸ்லீவில் தையல் கசிவு அரிதாக நேரும், நேர்ந்தால் கடுமையானது. நெஞ்செரிச்சல் புதிதாகத் தொடங்கலாம். வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுதும் தொடரும். பலூனும் குற்றமற்றதல்ல. திரவ பலூன் வைத்தவர்களின் இறப்புகள் குறித்து அமெரிக்க மருந்து நிர்வாகமே 2017இல் மருத்துவர்களை எச்சரித்தது. ஆனால் பலூனில் ஏதும் தவறினால் எடுத்துவிடலாம். வெட்டிய இரைப்பையை மீண்டும் ஒட்ட முடியாது. இந்த ஒரு வேறுபாட்டுக்கு நான் மிகுந்த மதிப்பளிக்கிறேன், குறிப்பாக இளையவர்கள் விஷயத்தில்.

ஆசிய உடல்வாகுக்கென இந்திய வல்லுநர்கள் வகுத்த வரம்பு, உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 37.5ஐத் தாண்டினால், அல்லது நீரிழிவு போன்ற நோயோடு 32.5ஐத் தாண்டினால், அறுவை என்று சொல்லிவந்தது. 30ஐ ஒட்டி நிற்பவருக்கே பலூன் இயல்பாகப் பொருந்துகிறது. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி என்னும் எடைக்குறைப்பு ஊசிகள் இந்த நடுத்தரப்பினரைத் தம் பக்கம் இழுக்கின்றன; ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும் என்பதால், அவையும் பலூனின் கால எல்லைக்குள்தான் நிற்கின்றன.

மிக அதிக எடை கொண்டவர்களிடம் இந்த இரண்டும் போட்டியை விட்டுக் கைகோர்க்கின்றன. முதலில் பலூன் வைத்துச் சில மாதம் எடையைக் குறைத்தால், வீங்கிய கல்லீரல் சுருங்கும், மயக்க மருந்தின் ஆபத்து குறையும். அதன்பின் ஸ்லீவ் எளிதாகும். ஒரு காலத்தில் பெரிய அறுவைக்கு முற்படியாக இருந்த ஸ்லீவுக்கே இன்று பலூன் முற்படி. ஆனால் இந்த வரிசையைத் திருப்பிப் போட முடியாது. பலூன் வைத்தவர் பின்னாளில் ஸ்லீவ் செய்துகொள்ளலாம். ஸ்லீவ் செய்துகொண்டவரின் இரைப்பையில் பலூனுக்கு இடமில்லை.