ஆவணப்பட, அயல்மொழிப்பட விமர்சனம்

ஆவணப்படங்களையும், பார்வையாளருக்குத் தெரியாத மொழியில் எடுக்கப்பட்ட படங்களையும் விளக்கி மதிப்பிடும் எழுத்து, திரைப்பட விமர்சனத்தின் தனிக் கிளையாகக் கருதப்படுகிறது. இவ்விரு வகைப் படங்களுக்கும் நட்சத்திர பலம் குறைவு. விளம்பரச் செலவும் குறைவு. பெரிய வணிகப் படம் விமர்சகர் என்ன எழுதினாலும் ஓடிவிடும். இவையோ ஓர் ஊரில் திரையிடப்படுவதும் மறக்கப்படுவதும் பெரும்பாலும் விமர்சகரின் பேனாவைப் பொறுத்திருந்தன. 1920களில் உருவான இந்தக் கிளை இரண்டு கேள்விகளை விடாமல் சந்தித்து வந்திருக்கிறது. திரையில் காட்டியது நடந்ததுதானா என்பது ஒன்று. மொழியும் மண்ணும் தெரியாதவர் தீர்ப்புச் சொல்லலாமா என்பது மற்றொன்று.

தோற்றம்

மௌனப்பட காலத்தில் மொழி பெரிய தடையாக இல்லை. இடையில் வரும் எழுத்து அட்டைகளை மாற்றினால் எந்த நாட்டுப் படமும் எந்த நாட்டிலும் ஓடியது. ஜப்பானின் 'கினேமா ஜுன்போ' இதழ் (தொடக்கம் 1919) 1924இல் ஆண்டின் சிறந்த படங்களை வரிசைப்படுத்தத் தொடங்கியபோது, பட்டியலில் வெளிநாட்டுப் படங்கள் மட்டுமே இருந்தன. ஜப்பானியப் படங்கள் 1926இல்தான் சேர்க்கப்பட்டன.

இங்கிலாந்தில் சி. ஏ. லெஜூன் 1922இல் 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழில் திரைப்படப் பத்தி எழுதத் தொடங்கினார். 'ஸ்பெக்டேட்டர்' இதழில் எழுதிவந்த ஐரிஸ் பேரி, ஐவர் மாண்டேகு முதலானோருடன் சேர்ந்து 1925இல் லண்டனில் பிலிம் சொசைட்டியை நிறுவினார். உறுப்பினர்களுக்கான தனிக் காட்சி என்பதால், தணிக்கைக் குழு தடுத்த படங்களையும் அங்கே திரையிட முடிந்தது. பின்னர் பேரி நியூயார்க் சென்று, நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்பட நூலகத்தை 1935இல் உருவாக்கினார்.

ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி சமோவாத் தீவில் எடுத்த 'மோவானா' படத்துக்கு ஜான் கிரியர்சன் எழுதிய மதிப்புரை, 1926 பிப்ரவரி 8 அன்று 'நியூயார்க் சன்' நாளிதழில் புனைபெயரில் வெளிவந்தது. படத்துக்கு ஆவண மதிப்பு இருப்பதாக அதில் அவர் குறிப்பிட்டார். அந்த அடைமொழியே நாளடைவில் வகையின் பெயராக நிலைத்தது. 1929 நவம்பர் 10 அன்று லண்டன் பிலிம் சொசைட்டியில் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டம்கின்' திரையிடப்பட்டபோது, கிரியர்சன் இயக்கிய 'டிரிஃப்டர்ஸ்' படமும் உடன் திரையிடப்பட்டது. பொட்டம்கின் பிரிட்டனில் 1926இலேயே தடைசெய்யப்பட்ட படம். ஆவணப்படமும் அயல்மொழிப்படமும் ஒரே அரங்கில், ஒரே பார்வையாளர் முன் வளர்ந்ததற்கு இந்த மாலை நல்ல சான்று. கென்னத் மேக்பெர்சன், பிரையர், கவிஞர் எச். டி. ஆகியோர் நடத்திய 'குளோஸ் அப்' (1927–1933) இதழ், சோவியத், ஜெர்மன் படங்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசென்றது.

பேசும்படமும் பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கமும்

ஒலி வந்ததும் மொழி தடையானது. அமெரிக்காவில் சப்டைட்டில் எழுதுவதில் முன்னோடியான ஹெர்மன் வைன்பெர்க் நூற்றுக்கணக்கான ஐரோப்பியப் படங்களுக்கு ஆங்கில வரிகள் எழுதினார்; விமர்சகராகவும் இயங்கினார். அயல்மொழிப்படம் காட்டும் திரையரங்குகள் சிலவே இருந்ததால், நாளிதழ் மதிப்புரை சாதகமாக அமைந்தால் ஒரு பிரெஞ்சுப் படம் சில வாரங்கள் ஓடும். இல்லையென்றால் பெட்டி திரும்பிவிடும்.

பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கத்தில் படம் எடுத்தவர்களே அதைப் பற்றி எழுதவும் செய்தார்கள். கிரியர்சன், பால் ரோத்தா போன்றோர் அரசு நிறுவனங்களுக்காகப் படம் தயாரித்துக்கொண்டே 'சினிமா குவார்ட்டர்லி' போன்ற இதழ்களில் அதற்கான இலக்கணத்தையும் வகுத்தார்கள். இதில் வலிமையும் இருந்தது, குருட்டுப்புள்ளியும் இருந்தது. சமூகப் பயன் என்ற அளவுகோலைக் கையில் வைத்திருந்த கிரியர்சன், சோவியத் இயக்குநர் சீகா வெர்டோவின் 'மூவி கேமராவுடன் ஒரு மனிதன்' (1929) படத்தைப் புகைப்படத் தொகுப்பு என்ற அளவில் ஒதுக்கினார். 2014இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடமும் இயக்குநர்களிடமும் நடத்திய வாக்கெடுப்பில், எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆவணப்படமாக அதே படம் முதலிடம் பெற்றது.

உண்மை குறித்த முதல் பெரிய சர்ச்சை ஃபிளாஹெர்ட்டியின் 'மேன் ஆஃப் ஆரன்' (1934) படத்தை ஒட்டி எழுந்தது. அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் வழக்கொழிந்துபோன சுறா வேட்டையைத் தீவுவாசிகளுக்குக் கற்றுக்கொடுத்து அவர் படமாக்கியிருந்தார். கடலோடு போராடும் மனிதனைக் காட்டியவர், தீவின் நில உடைமையையும் வறுமையையும் ஏன் காட்டவில்லை என்று இடதுசாரி விமர்சகர்கள் கேட்டார்கள். படத்தில் இல்லாததையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற வழக்கம் ஆவணப்பட விமர்சனத்தில் இப்படித்தான் வேரூன்றியது. இதற்கு மாறாக, இலங்கைத் தேயிலைப் பிரச்சார வாரியத்தின் நிதியில் பேசில் ரைட் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' (1934) படத்தை, 'ஸ்பெக்டேட்டர்' விமர்சகராக இருந்த நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் அதன் கட்டமைப்புக்காகவே பாராட்டினார்.

போருக்குப் பிந்தைய பிரான்ஸ்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலிய நியோரியலிசப் படங்களுக்குக் கோட்பாட்டு அடித்தளம் அமைத்தவர் பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாசான். நடிகரல்லாதவர்களைக் கொண்டு தெருவிலேயே எடுக்கப்பட்ட அப்படங்கள் ஆவணப்படத்துக்கும் புனைவுக்கும் இடையிலான வேலியைத் தளர்த்தின. ஆகவே இரண்டையும் ஒரே கருவிகளால் ஆராய அவருக்கு வாய்த்தது. 1951இல் அவரும் ஜாக் தோனியோல்-வால்குரோஸ், லோ துக்கா ஆகியோரும் தொடங்கிய 'கயே து சினேமா' இதழில், பின்னாளில் புதிய அலை இயக்குநர்களான இளைஞர்கள் எழுதினார்கள்.

அதே ஆண்டு வெனிஸ் விழாவில் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' தங்கச் சிங்க விருது பெற்றது. சொந்த நாட்டின் 'கினேமா ஜுன்போ' 1950ஆம் ஆண்டுப் பட்டியலில் அதற்குக் கிடைத்தது ஐந்தாம் இடம்தான். வெளியார் பார்வைக்கும் உள்ளூர்ப் பார்வைக்கும் உள்ள இந்த இடைவெளி விவாதப் பொருளானது. ஜப்பானிய இயக்குநர் மிசோகுச்சியைப் புரிந்துகொள்ள ஜப்பானிய மொழி தேவையில்லை, காட்சி அமைப்பின் மொழி போதும் என்று 'கயே து சினேமா' இளைஞர்களில் ஒருவரான ஜாக் ரிவெத் 1958இல் வாதிட்டார். டோக்கியோவில் வாழ்ந்த அமெரிக்கர் டொனால்ட் ரிச்சி வேறு வழியில் போனார். ஜோசப் ஆண்டர்சனுடன் அவர் எழுதிய ஜப்பானியத் திரைப்பட வரலாறு (1959), ஸ்டுடியோ முறையையும் சமூகப் பின்னணியையும் அறியாமல் அப்படங்களை மதிப்பிட இயலாது என்ற நோக்கில் அமைந்தது. பிற்கால விமர்சகர்கள் இவ்விரு நிலைகளுக்கும் இடையில்தான் தங்கள் இடத்தைத் தேடினார்கள்.

ரிவெத்தின் இன்னொரு கட்டுரையும் (1961) வரலாற்றில் இடம்பெற்றது. ஜில்லோ பொன்தெகோர்வோவின் 'காப்போ' படத்தில் வதைமுகாம் மின்வேலியில் ஒரு பெண் உயிர்விடும் நேரத்தில், கேமரா அவளை நோக்கி நகர்ந்து சட்டகத்தை அழகுபடுத்துவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். பிறர் துயரத்தைப் படமாக்கும்போது கோணமும் அசைவும் அறம் சார்ந்த தேர்வுகள் என்ற இந்த நிலைப்பாடு ஆவணப்பட விமர்சனத்திலும் ஆழமாகப் பதிந்தது.

அமெரிக்கா

நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம் 1936இலேயே வெளிநாட்டுப் படத்துக்கு விருது வழங்கத் தொடங்கியது. ஆஸ்கரில் அதற்கான போட்டிப் பிரிவு 1956ஆம் ஆண்டுப் படங்களுக்கே வந்தது. 1950இல் ரோபெர்த்தோ ரோசெல்லினியின் 'தி மிராக்கிள்' அடங்கிய தொகுப்புக்கு வட்டம் விருது வழங்கியது. மத நிந்தனை என்று நியூயார்க் மாநிலம் அப்படத்தின் உரிமத்தை ரத்து செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. திரைப்படத்துக்கும் கருத்துச் சுதந்திரப் பாதுகாப்பு உண்டு என்று 1952இல் தீர்ப்பு வந்தது.

1940 முதல் 1967 வரை 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகராக இருந்த பாஸ்லி கிரவுதர் இத்தாலியப் படங்களுக்கு வாசல் திறந்தவர். ஆனால் 1958இல் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யின் தளர்ந்த கட்டமைப்பையும் மெதுவான நடையையும் குறைகூறினார். படம் அதையும் மீறி நியூயார்க்கில் பல மாதங்கள் ஓடியது. 1960இல் அவர் சப்டைட்டிலைக் கைவிட்டு டப்பிங்குக்கு மாற வேண்டும் என்று எழுதினார்.

உண்மை குறித்த கேள்வி 1980களில் மீண்டும் கூர்மையடைந்தது. எரால் மாரிஸின் 'தி தின் புளூ லைன்' (1988) ஒரு கொலை வழக்கை நடித்துக்காட்டல் மூலம் மறுவிசாரணை செய்தது; சிறையிலிருந்த ராண்டல் ஆடம்ஸ் 1989இல் விடுதலையானார். அதே ஆண்டு மைக்கேல் மூரின் 'ரோஜர் அண்ட் மீ'யில் நிகழ்ச்சிகளின் கால வரிசை மாற்றப்பட்டிருப்பதை 'ஃபிலிம் கமெண்ட்' இதழின் ஹார்லன் ஜேக்கப்சன் நேர்காணலில் கேள்விக்குள்ளாக்கினார். ஒருவர் நடித்துக்காட்டி உண்மையை நெருங்கினார், மற்றவர் நிஜக் காட்சிகளைக் கலைத்து அடுக்கினார் என்ற முரண், ஆவணப்படத்தின் நேர்மையை அதன் உத்தியை வைத்து மட்டும் அளக்க முடியாது என்பதை உணர்த்தியது. ஆய்வாளர் பில் நிக்கல்ஸ் ஆவணப்படங்களை அவை பேசும் முறைப்படி வகைப்படுத்திய நூல் 1991இல் வெளிவந்தது.

1994இல் 'ஹூப் டிரீம்ஸ்' படத்தை வெளியிட ஆள் கிடைக்கும் முன்பே ஜீன் சிஸ்கல், ரோஜர் ஈபர்ட் இருவரும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாராட்டினர். சிறந்த ஆவணப்படப் பிரிவில் அதற்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைக்காதபோது எழுந்த கண்டனம், அப்பிரிவின் தேர்வு முறையையே மாற்றவைத்தது.

இந்தியாவும் தமிழும்

1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் தொடங்கிய கல்கத்தா பிலிம் சொசைட்டி, இந்தியாவில் இவ்விமர்சனத்தின் நாற்றங்கால். 1952இல் பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை நகரங்களில் நடந்த முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'ராஷோமோன்' போன்றவற்றை அறிமுகப்படுத்தியது. 1959இல் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு உருவானது.

ஆவணப்படத்தின் நிலை வேறு. 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனின் படங்கள் கதைப்படத்துக்கு முன் எல்லாத் திரையரங்குகளிலும் கட்டாயமாகக் காட்டப்பட்டன. அவற்றுக்கென்று யாரும் டிக்கெட் வாங்கவில்லை; அவற்றைப் பற்றிய மதிப்புரையும் அரிதாகவே வந்தது. ஆனந்த் பட்வர்தன் போன்ற சுயேச்சை இயக்குநர்களின் படங்கள் கல்லூரிகளிலும் தொழிற்சங்கங்களிலும் காட்டப்பட்டபோது, திரையிடலுக்குப் பின் நடந்த விவாதமே விமர்சனத்தின் இடத்தை நிரப்பியது. மும்பை பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இடம்பெற இந்திய ஆவணப்படங்கள் தணிக்கைச் சான்றிதழ் பெற வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து, 2004இல் இயக்குநர்கள் 'விகல்ப்' என்ற மாற்று விழாவை நடத்தினார்கள். மதுரையில் ஆர். பி. அமுதன் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழாவும் இத்தகைய உரையாடல் மரபைச் சேர்ந்தது.

தமிழில் உலக சினிமா பற்றிய எழுத்து நெடுங்காலம் சிற்றிதழ்களோடும் திரைப்படக் கழகத் திரையிடல்களோடும் பிணைந்திருந்தது. அம்ஷன் குமார் ஆவணப்பட இயக்குநராகவும் விமர்சகராகவும் இயங்கினார். 'நிழல்' போன்ற இதழ்கள் மாற்று சினிமாவுக்கு இடம் தந்தன. ஒளிப்பதிவாளர் செழியன் ஆனந்த விகடனில் எழுதிய 'உலக சினிமா' தொடர், இந்த எழுத்தை வெகுஜன வாசகர்களிடம் சேர்த்தது. யமுனா ராஜேந்திரன் லண்டனிலிருந்து மூன்றாம் உலக அரசியல் படங்களைப் பற்றியும், கே. எஸ். சிவகுமாரன் கொழும்பிலிருந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்கள்.

அண்மைக்காலம்

இணையவழித் திரையிடல் வந்தபின் படம் கிடைப்பது பெரிய சிக்கலாக இல்லை. குவிந்து கிடப்பதில் எதைப் பார்ப்பது என்பதே சிக்கல். 2020இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற முதல் அயல்மொழிப்படமான 'பாரசைட்'டுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதிய டார்சி பாக்கெட், வைன்பெர்க்கைப் போலவே திரைப்பட விமர்சகர்; சியோலில் வாழ்பவர்.

ஆவணப்படத்தில் செயற்கை நுண்ணறிவு புதிய சோதனையானது. சமையல் கலைஞர் ஆந்தனி போர்டெய்ன் பற்றிய 'ரோட்ரன்னர்' (2021) படத்தில் சில வரிகள் கணினி உருவாக்கிய அவரது குரலில் ஒலித்தன. இது இயக்குநர் மோர்கன் நெவில் அளித்த பேட்டிகள் மூலமே பரவலாகத் தெரியவந்து கண்டனத்துக்குள்ளானது. காதால் கேட்டு இனம் காண முடியாத இடத்தில், படம் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்று விசாரிப்பதும் விமர்சகரின் வேலையில் சேர்ந்துவிட்டது. ஆவணக் காட்சித் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு ஒன்று, செயற்கையாக உருவாக்கிய காட்சிகளை வெளிப்படையாக அறிவிக்கக் கோரும் வழிகாட்டுதல்களை 2024இல் வெளியிட்டது.