66-லிருந்து 77 வரை: நார்ட்டன் எஞ்சின் பெரிசான கதை

பழைய பைக் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சைலன்சர்ல புகை வருதுன்னு கொண்டுபோய் நிறுத்துவீங்க. மெக்கானிக் கேட்டுட்டு, "பிளாக்கைக் கழட்டி போர் பண்ணணும், ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும்"னு சொல்வார். தேய்ஞ்சுபோன சிலிண்டரோட உள்சுவரைக் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ கடைஞ்சு, அதுக்கேத்த பெரிய பிஸ்டனை உள்ளே விடுவாங்க. அது ரிப்பேர் வேலை. இதையே பவருக்காகச் செஞ்சா? சிலிண்டரையே பெரிசா வார்த்து, பெரிய பிஸ்டன் போட்டு, அடுத்த மாடல்னு வித்தா? இங்கிலாந்துல ஒரு கம்பெனி ஒரே எஞ்சினை வெச்சுக்கிட்டு இப்படி 11 மில்லிமீட்டர் வரைக்கும் போச்சு. இன்னைக்கு அந்தக் கதை.

கம்பெனி பேரு நார்ட்டன். இடம் பர்மிங்ஹாம், பிரேஸ்பிரிட்ஜ் தெரு. ரேஸ் உலகத்துல ஒத்தை சிலிண்டர் பைக்குகளுக்குப் பேர் போன கம்பெனி. ஆனா கடைகள்ல 1937-லேயே காத்து மாறிடுச்சு. அந்த வருஷம் ட்ரையம்ஃப் கம்பெனி ஸ்பீட் ட்வின்னு ஒரு ரெட்டை சிலிண்டர் 500 கொண்டுவந்தது. போர் முடிஞ்சதும் எல்லாருக்கும் ட்வின் வேணும். நார்ட்டன் பெர்ட் ஹாப்வுட்ங்கிற டிசைனரைக் கூட்டிட்டு வந்தது. அவர் வரைஞ்சதுதான் டாமினேட்டர் எஞ்சின். 1949-ல் விற்பனைக்கு வந்தது. 497 சிசி, 29 ஹெச்.பி. சிலிண்டர் விட்டம் 66 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72.6. ஸ்ட்ரோக்னா பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்.

இந்த எஞ்சினுக்குள்ளே ஒரு விஷயத்தை நல்லா மனசுல வெச்சுக்கோங்க, மீதிக் கதை முழுக்க அதைச் சுத்தித்தான். ரெண்டு பிஸ்டனும் கைகோர்த்துக்கிட்ட மாதிரி ஒண்ணா மேலே போகும், ஒண்ணா கீழே வரும். அன்னைக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஃபயரிங் சீரா விழும், ஒரே கார்புரேட்டர் போதும், செலவு கம்மி. ஆனா ரெண்டு பிஸ்டனோட எடையும் ஒரே பக்கம் இழுக்கும். வாஷிங் மெஷின்ல ஈரப் போர்வை ஒண்ணை மட்டும் போட்டு ஸ்பின் விட்டா என்ன ஆகும்? அதேதான். கிராங்க்ல எதிர் எடை வெச்சு சமாளிக்கலாம், ஆனா மேல்-கீழ் ஆட்டத்தைக் குறைச்சா முன்-பின் ஆட்டம் கூடும். முழுசாப் போகாது. இன்னைக்கு சென்னைப் பக்கம் தயாராகுற ராயல் என்ஃபீல்டு 650-யும் ரெட்டை சிலிண்டர்தான். ஆனா அதுல பிஸ்டன்கள் 270 டிகிரி தள்ளி ஓடும், ஆட்டத்தை அடக்கத் தனியா ஒரு பேலன்சர் ஷாஃப்ட்டும் உண்டு. ஹாப்வுட் எஞ்சின்ல ரெண்டுமே கிடையாது.

500 சிசியில இது பெரிய தொந்தரவா இல்லை. பிரச்சனை அமெரிக்காவுல ஆரம்பிச்சது.

போருக்குப் பிந்தின பிரிட்டனுக்கு டாலர் வேணும், பைக் விக்கிற இடம் அமெரிக்கா. அங்கே நீளமான நேர் ரோடு, பக்கத்துல ஹார்லியோட பெரிய எஞ்சின். 500 சிசியெல்லாம் அவங்களுக்குச் சின்னப்பசங்க வண்டி. ட்ரையம்ஃப் 1949-லேயே 650-க்குத் தாவிடுச்சு. நார்ட்டனும் பின்னாடியே ஓடுச்சு. 1956-ல் 596 சிசி. அப்புறம் 646. இந்த ரெண்டு தடவையும் விட்டம் 66-லிருந்து 68 ஆனதோட சரி, மத்ததெல்லாம் ஸ்ட்ரோக்கை நீட்டிக் கிடைச்சது: 82, அப்புறம் 89. அந்த 646 சிசி எஞ்சின் போட்ட 650 எஸ்.எஸ். மாடலை நார்ட்டன் ட்வின்கள்லேயே நல்லா அமைஞ்சதுன்னு சொல்றவங்க நிறைய. என் ஓட்டும் அதுக்குத்தான். அங்கேயே நின்னிருக்கலாம்.

நிக்கலை. அமெரிக்காவுல நார்ட்டனை வித்துக்கிட்டிருந்த பெர்லினர் கார்ப்பரேஷன் 750 கேட்டது. ஸ்ட்ரோக்கை இதுக்கு மேல நீட்ட வழி இல்லை. சிலிண்டரை அகலமாக்குறதுதான் மிச்சம். 68-ஐ 73 ஆக்கினாங்க. 745 சிசி. 1962-ல் வந்த அந்த வண்டியோட பேரு அட்லஸ்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பிஸ்டனை அழுத்துற பரப்பு விட்டத்தோட வர்க்கத்துல கூடும். 68-லிருந்து 73-க்குப் போனா விட்டம் ஏழு சதவீதம்தான் கூடுது, பரப்பு பதினஞ்சு சதவீதம் கூடும். இதனாலதான் போரைப் பெரிசாக்குறது இவ்வளவு ஆசை காட்டுற வேலை. ஆனா பிஸ்டனும் கனமாகுது. அது உண்டாக்குற ஆட்டம் எடையோடயும் ஸ்ட்ரோக்கோடயும் கூடும், வேகம் ரெட்டிப்பானா நாலு மடங்காகும். மேலே சிலிண்டர் புதுசு. கீழே கிராங்க், பேரிங், கேஸ் எல்லாம் 500 சிசிக்காகப் போட்ட திட்டத்தோட வாரிசுகள்.

அட்லஸ் அதிர்ந்தது. எவ்வளவுன்னா, நார்ட்டனே கம்ப்ரஷனை 7.6-க்கு இறக்கி வெச்சுதான் வித்தது. பவருக்காகச் சிலிண்டரைப் பெரிசாக்கிட்டு, அந்தப் பவர்ல ஒரு பங்கை நாமளே எடுத்து வெளியே போடுற நிலைமை!

ஏன் புது எஞ்சின் செய்யலைன்னு கேப்பீங்க. புது எஞ்சின்னா புது அச்சு, புது மெஷின், பல வருஷச் செலவு. நார்ட்டனைக் கையில வெச்சிருந்த ஏ.எம்.சி. குழுமம் தள்ளாடிக்கிட்டிருந்தது. பர்மிங்ஹாம் ஃபேக்டரியை மூடி வேலையை லண்டன் பக்கம் கொண்டு போனாங்க. 1966-ல் ஏ.எம்.சி.யே விழுந்தது. டென்னிஸ் பூர்ங்கிறவரோட கம்பெனி வாங்கி, நார்ட்டன் வில்லியர்ஸ்னு பேர் மாறிச்சு. புதுசா ஒரு 800 சிசி எஞ்சினை முயற்சி பண்ணிக்கிட்டிருந்தாங்க, அது சரிவரலை. 1967 செப்டம்பர்ல லண்டன் கண்காட்சி. காட்ட ஏதாவது வேணும். கையில இருந்தது அதே அட்லஸ் எஞ்சின்.

அப்போ ஸ்டீஃபன் பாயர், பெர்னார்ட் ஹூப்பர், பாப் டிரிக் மூணு பேரும் செஞ்ச வேலையைத்தான் நான் இந்தக் கதையிலேயே ரொம்ப ரசிக்கிறேன். எஞ்சின் ஆட்டத்தை நிறுத்த முடியாதா? சரி, ஆடட்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைப் பிடிக்கிற ஸ்விங் ஆர்ம் மூணையும் ஒரே கட்டாக் கட்டி, அந்தக் கட்டை ரப்பர் வழியா ஃப்ரேம்ல தொங்கவிட்டாங்க. பேரு ஐசோலாஸ்டிக். மேல்-கீழ் ஆட்டத்தை ரப்பர் விழுங்கிடும். பக்கவாட்டுல மட்டும் ஆடக்கூடாது, ஆடினா வளைவுல வண்டி கையில நிக்காது. அதுக்காக ஓரத்துல மெல்லிசா ஷிம் வெச்சு, கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டாங்க. ஐடில்ல எஞ்சின் குலுங்குறது கண்ணுக்கே தெரியும். வேகம் ஏறினதும் உக்காந்திருக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. அந்த வண்டிதான் கமாண்டோ. மோட்டார் சைக்கிள் நியூஸ் பத்திரிகை வாசகர்கள் தொடர்ந்து அஞ்சு வருஷம் இதைச் சிறந்த வண்டியாத் தேர்ந்தெடுத்தாங்க.

ஆனா ரப்பர் காப்பாத்தினது ஓட்டுறவரை. எஞ்சினுக்குள்ளே நடக்கிறது அப்படியே நடந்துக்கிட்டுத்தான் இருந்தது. இன்னும் மோசம், அதிர்வு தெரியாததால ஓட்டுறவர் தைரியமா இன்னும் முறுக்குவார்.

இந்த நேரத்துல, 1969-ல், ஹோண்டா சிபி750 வந்திறங்குச்சு. 736 சிசி, 67 ஹெச்.பி., பட்டன் ஸ்டார்ட், முன்னாடி டிஸ்க் பிரேக். ஹோண்டா செஞ்சது நேர் எதிர்: பெரிய ரெண்டுக்குப் பதிலா சின்னதா நாலு. விட்டம் 61, ஸ்ட்ரோக் 63. நிமிஷத்துக்கு 8,000 சுத்து சுத்தும்போதும் ஹோண்டா பிஸ்டனோட சராசரி வேகம் விநாடிக்கு 17 மீட்டருக்குள்ளேதான். 89 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் வெச்ச கமாண்டோ 6,500 சுத்துலேயே 19 மீட்டரைத் தாண்டிடும். யார் மூச்சு வாங்குவாங்கன்னு சொல்லவே வேணாம்.

நார்ட்டன் பதிலுக்கு 1972-ல் காம்பேட்னு ஒரு எஞ்சின் விட்டது. கம்ப்ரஷன் 10, பெரிய கார்புரேட்டர், 65 ஹெச்.பி. பேப்பர்ல ஹோண்டாவுக்குச் சமம். ரோட்டுல மெயின் பேரிங் போக ஆரம்பிச்சது. அந்த வேகத்துல கிராங்க் லேசா வளையுது, வளையும்போது பேரிங் உருளைகளோட ஓரம் தடத்துல குத்துது. பிஸ்டன்களும் உடைஞ்சது. வாரண்டி கேட்டு வண்டிகள் வரிசையா வந்து நின்னது. கடைசியில ஓரம் லேசாச் சரிச்ச உருளைகள் வெச்ச சூப்பர்பிளெண்ட் பேரிங் போட்டாங்க, பேரிங் தொல்லை அடங்குச்சு. ஆனா பேர் கெட்டது கெட்டதுதான்.

அடுத்து என்ன செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? 1973-ல் சிலிண்டரை மறுபடி அகலமாக்கினாங்க. 73-லிருந்து 77. 829 சிசி, விக்கிற பேரு 850. இந்தத் தடவை கொஞ்சம் புத்தி வந்திருந்தது. கம்ப்ரஷனை 8.5-க்கு இறக்கினாங்க, சிலிண்டரை நீளமான போல்ட் போட்டுக் கீழே கேஸோட இறுக்கினாங்க. முறுக்காம, கீழ் சுத்துலேயே இழுக்கிற வண்டியா அது நல்லா அமைஞ்சது. இன்னைக்கும் கமாண்டோ வாங்கத் தேடுறவங்கள்ல பலர் 850-யைத்தான் கேக்குறாங்க.

ஆனா கடைக்காரர்கிட்ட வர்ற வாடிக்கையாளர் கேட்டது பட்டன் ஸ்டார்ட். 1975-ல் அதையும் வெச்சாங்க. ரெண்டு 77 மில்லிமீட்டர் பிஸ்டனையும் மேலே தள்ள அந்த மோட்டாருக்குத் தெம்பு பத்தலை. பட்டனை அமுக்கிக்கிட்டே கிக்கரையும் உதைக்கணும், அது ஸ்டார்ட்டர் இல்லை, உதைக்கிறவருக்கு ஒரு கை கொடுக்கிற சாமான்னு ஓட்டுறவங்களே கிண்டல் பண்ணாங்க. அதே வருஷம் வொல்வர்ஹாம்ப்டன் ஃபேக்டரி கடன்காரங்க கைக்குப் போச்சு. மிச்சமிருந்த பாகங்களை வெச்சுக் கட்டின கடைசி கமாண்டோக்கள் 1977-ல் வெளியே வந்தது. கிக்கர் அதுலேயும் இருந்தது.