சுண்டெலிக்குத் தூக்கம் வரவில்லை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரவு 2 மணி. தேக்கா வட்டாரமே அடங்கிவிட்டது. தம்பி மட்டும் அறைக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருக்கிறான்.

மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தூக்கச் சிக்கல் உண்டு. அவர்களது தலையில் கம்பிகளை ஒட்டிச் சோதிக்கலாம். ஆனால் லேசாகத் தொட்டாலே கூசும் பிள்ளைக்கு அதுவே தூக்கத்தைக் கெடுத்துவிடும். மரபணுவின் பங்கைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவும் முடியாது. அதனால்தான் விலங்கு ஆய்வுகள்.

சுண்டெலிக்கு ஆட்டிசம் வருமா?

அப்படிச் சொல்ல முடியாது. மதியிறுக்கத்தோடு தொடர்புள்ள ஷாங்க்3 போன்ற ஒரு மரபணுவைச் சுண்டெலியில் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, தூக்கத்தை எப்படி அளப்பது?

நம்பகமான வழி இஇஜி. அறுவை சிகிச்சை செய்து மண்டையோட்டில் மின்முனைகளும் கழுத்துத் தசையில் மெல்லிய கம்பிகளும் பொருத்தப்படும். மூளை அலைகள் பெரிதாக, மெதுவாக வந்தால் ஆழ்ந்த தூக்கம். மூளை சுறுசுறுப்பாக இருந்தும் தசை தளர்ந்திருந்தால் கனவுத் தூக்கம்.

கத்தி வைக்காத வழியும் உண்டு. கூண்டின் அடியில் அழுத்தத்தை உணரும் மெல்லிய தகடு. தூங்கும் சுண்டெலி விநாடிக்குச் சுமார் 3 முறை சீராக மூச்சுவிடும். தகடு அந்த அசைவைப் பிடித்துவிடும். ஆனால் கனவுத் தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா என்று சரியாகப் பிரித்துச் சொல்லாது.

பழ ஈக்களுக்கு இன்னும் எளிது. கண்ணாடிக் குழாய், குறுக்கே அகச்சிவப்புக் கதிர். 5 நிமிடம் அசைவில்லை என்றால் தூக்கம்!

என்ன தெரியவந்தது?

2019இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகக் குழு, ஷாங்க்3 மாற்றப்பட்ட சுண்டெலிகளை இஇஜி மூலம் கவனித்தது. அவற்றைச் சில மணி நேரம் தூங்கவிடவில்லை. பிறகு, தூக்கத் தேவை கூடியதை மூளை அலைகள் காட்டின. ஆனாலும் அவை தூங்கிப்போக அதிக நேரம் பிடித்தது. களைப்பு இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை. பெற்றோர் பலர் சொல்வதும் இதுதானே?

சிங்கப்பூரில் விலங்கு ஆய்வுகளுக்கு 2004 முதல் தனி விதிமுறைகள் உள்ளன. விலங்குகளின் எண்ணிக்கையையும் வேதனையையும் முடிந்தவரை குறைக்கவேண்டும். மூச்சை உணரும் தகடு போன்ற கருவிகளுக்கு மதிப்பு கூடுவது அதனால்தான்.

மெலடோனின் உதவுமா? அதைச் சுண்டெலியிடம் கேட்பது கடினம். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் கறுப்பு இனத்தின் உடலில் மெலடோனின் மிக மிகக் குறைவு. போதாததற்கு அது தூங்குவதே பெரும்பாலும் பகலில்! அதற்கான விடை பிள்ளைகளிடம் நடத்தும் மருத்துவச் சோதனைகளிலிருந்துதான் வரவேண்டும்.