அலுமினியச் சக்கரமும் உலோகக் களைப்பும்

மனிதனுக்கு மட்டுமல்ல, உலோகத்துக்கும் களைப்பு வரும். ஒரு கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. ஆனால் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும். இந்தச் சாதாரண உண்மை பொறியாளர்களுக்குப் புரிவதற்குள் பல உயிர்கள் போய்விட்டன.

1842 மே 8 அன்று, பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரீசுக்கு வந்துகொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓடிக்கொண்டிருந்த அச்சு திடீரென முறிவானேன்? அதிர்வினால் இரும்பின் தன்மையே மாறிவிடுகிறது என்று அப்போது பலரும் நம்பினார்கள். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் இதை மறுத்தார். அச்சின் தடிமன் மாறும் மூலையில் ஒரு விரிசல் தொடங்கி, மெல்ல மெல்ல உள்ளே வளர்கிறது என்றார் அவர்.

அதன்பின் ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், 1850களிலும் 60களிலும் அச்சுகளை வளைத்தபடியே சுழலவிட்டுச் சோதித்தார். ஒருமுறை ஏற்றினால் ஒன்றும் செய்யாத சுமை, லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடும் என்று கண்டார். ஆனால் இரும்புக்கும் எஃகுக்கும் ஓர் எல்லை உண்டு. சுமை அதற்குக் கீழே இருந்தால் எத்தனை முறை சுழன்றாலும் முறிவதில்லை.

அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது! சிக்கலே இங்குதான். 1924இல் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ பந்தயத்தில், புகாட்டி டைப் 35 கார்கள் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களுடன் இறங்கின. பந்தயத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடினால் போதும். சாலையில் ஓடும் காரின் கதை வேறு. டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்குச் சக்கரம் 5 கோடி முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது.

இன்றைய அலாய் வீல்களில் பெரும்பாலானவை, சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியத்தில் வார்க்கப்படுபவை. உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். உறையும்போது அதை வெளியே தள்ளும். அதனால் உள்ளே நுண்துளைகள் உண்டாகின்றன. விரிசல் பெரும்பாலும் அவற்றிலிருந்தே தொடங்குகிறது. எனவேதான் உருக்கிலிருந்து வாயுவை நீக்குகிறார்கள். வார்த்த சக்கரத்தை எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். பிறகு சூடாக்கி, நீரில் குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கி வலுவேற்றுகிறார்கள். கடைசியில் சில மாதிரிச் சக்கரங்களைச் சுழல் வளைவுச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். வோலரின் பழைய சோதனையின் வாரிசுதான் இது.

இவ்வளவு பக்குவமாகச் செய்த சக்கரத்தில் விரிசல் விட்டால், வெல்டிங் வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பற்றவைக்கும் சூட்டில் அந்த இடத்தின் வலு குறைந்துவிடும். புதிய நுண்துளைகளும் உண்டாகலாம். பார்க்க நன்றாக இருக்கும் அந்தச் சக்கரம் இன்னும் எத்தனை சுற்றுத் தாங்கும் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மாற்றிவிடுவதே நல்லது.