சென்னையின் வெற்றி

விளையாட்டுச் செய்திகளை எழுதும் தமிழ் நாளிதழ்களுக்குக் 'கத்துக்குட்டி' என்ற சொல்லின்மேல் தனிப்பிரியம் உண்டு. பெரிய அணியைச் சிறிய அணி வீழ்த்திவிட்டால் மறுநாள் தலைப்பில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அச்சொல் சுட்டுவது அனுபவமின்மையை மட்டுமே. விளையாட்டு ரசிகனின் மனத்தை உண்மையில் அசைப்பவன் கற்றுக்கொள்ளும் குட்டியல்லன். தோற்பான் என்று ஊரே முன்கூட்டி ஒப்புக்கொண்டுவிட்ட பிறகும் ஆட வருகிறானே, அவன். அவன் வெல்லும்போது நாம் கொள்ளும் மகிழ்ச்சியில் ஆட்டத்தின் பங்கு பாதிதான். மீதிப் பாதி நம் சொந்த வாழ்க்கையிலிருந்து வருவது.

இந்தியக் கால்பந்தாட்டத்தில் இதற்கு முதல் எடுத்துக்காட்டு கல்கத்தாவில் கிடைக்கிறது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. மோகன் பகானின் பதினொருவரில் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். முதல் கோலை அடித்தவர்கள் ஆங்கிலேயர்கள். பின்னர் சிவதாஸ் பாதுரி சமன் செய்ய, அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். ஆட்டத்தைப் பார்க்க இடம் கிடைக்காத கூட்டத்துக்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டு கோல் நிலவரம் தெரிவித்தார்கள் என்பர். ஆட்டம் முடிந்ததும் முதியவர் ஒருவர் வில்லியம் கோட்டையில் பறந்த கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, அக்கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது என்பதே நமக்கு முக்கியம். ரசிகர்கள் அந்தக் கேடயத்தில் தங்கள் காலத்தின் ஆசையை ஊற்றி நிரப்பினார்கள்.

சென்னைக்கு அப்படியொரு கால்பந்துக் கதை நெடுங்காலம் வாய்க்கவில்லை. குறிப்பாக, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று விரியும் தென்சென்னை கிரிக்கெட்டின் நிலம். மயிலாப்பூர் லஸ்ஸில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கி வெள்ளையரோடு மட்டை பிடிக்கச் செய்த நாளிலிருந்து அந்த மரபு தொடர்கிறது. எதிர்பாரா வெற்றி என்றால் இப்பகுதியினருக்கு நினைவில் எழுவது 1983 ஜூன் 25 லார்ட்ஸ் மைதானம்தான். 183 ஓட்டங்களுக்குச் சுருண்ட இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளை வென்ற அந்த நாளில், இரு அணிகளையும் சேர்த்து மிக அதிகமாக 38 ஓட்டங்கள் எடுத்தவர் சென்னையின் ஸ்ரீகாந்த்.

கால்பந்தோ கூவத்துக்கு அப்பால் வளர்ந்தது. பெரம்பூரின் ரயில்வே தொழிற்சாலைகள், வியாசர்பாடியின் திடல்கள் என்று உழைப்பாளர் குடியிருப்புகளைச் சார்ந்து அது வாழ்ந்தது. இரண்டு சென்னைகளுக்கும் இடையே, பெரியமேட்டில், நேரு விளையாட்டரங்கம் நிற்கிறது. அதன் வரலாறே ஒரு பங்காளிச் சண்டை போன்றது. மாநகராட்சி அரங்கமாக இருந்த காலத்தில் கால்பந்துக்கு இருந்த அந்த இடத்தில் டெஸ்ட் போட்டிகளும் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது அங்கேதான். பின்னர் 1993 நேரு கோப்பைக்காக அது புதிதாக எழுப்பப்பட்டது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, அதுவரை பெரியமேட்டுக்குத் தோல்பொருள் வாங்க மட்டுமே போயிருந்த தென்சென்னை இளைஞர்கள் பலர் நீலச்சட்டை அணிந்து அவ்வரங்கின் படிகளில் ஏறினார்கள்.

அந்த அணியின் பெயர் 'சென்னையின் எஃப்.சி.' பெயரைக் கேட்டுப் புன்னகைத்தவர்களில் இலக்கண வாசகர்களும் உண்டு. பெயர்ச்சொல்லை வேற்றுமை உருபோடு நிறுத்திவிட்டு, எதன் உடைமை, எவர் உரிமை என்ற கேள்வியை அந்தரத்தில் விட்டுவிட்ட பெயர் அது.

*

முதல் ஆண்டில் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்த அணி அரையிறுதியில் கேரளத்திடம் வீழ்ந்தது. இரண்டாம் ஆண்டான 2015 இன்னும் மோசமாகத் தொடங்கியது. பத்து ஆட்டங்களின் முடிவில் மூன்று வெற்றி, ஒரு சமன், ஆறு தோல்வி. எட்டு அணிகளில் கடைசி இடம். பயிற்சியாளர் மார்க்கோ மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜினெடின் ஜிதானின் தலை முட்டியதே அந்த மார்புதான். அவருடைய அணியை நவம்பர் நடுவில் எவரும் பொருட்படுத்தவில்லை. அதன்பின் எஞ்சிய நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று, 22 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பிடித்து அது அரையிறுதிக்குள் நுழைந்தது.

அதே நாட்களில் நகரம் மூழ்கிக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 1918க்குப் பிறகு அப்படியொரு நவம்பரை நகரம் கண்டதில்லை. டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் வழியெங்கும் பெருகிய வெள்ளமும் சேர்ந்து அடையாற்றில் இறங்கின. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆறு தன் பழைய அகலத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. 1878இல் தொடங்கப்பட்ட 'தி இந்து' நாளிதழ், ஊழியர்கள் அச்சகத்துக்குச் செல்ல இயலாமல் டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. மயிலாப்பூரின் மேட்டுப்பகுதிகள் ஓரளவு தப்பின. தியாகராய நகரோ, 1920களில் ஏரிப்படுகையைத் தூர்த்து எழுப்பப்பட்ட ஊர். ஏரி தன் மேல்விலாசத்தை மறக்கவில்லை.

இந்நிலையில் அரையிறுதியைச் சென்னையில் நடத்த வழியில்லாமல் போயிற்று. டிசம்பர் 12 அன்று சென்னை அணி தன் 'சொந்த மண்' ஆட்டத்தைப் புனேயில் ஆடியது. எதிரில் நடப்புச் சாம்பியனான கொல்கத்தா. பெலிஸாரி, ஜெஜெ, மெண்டோசா ஆகியோரின் கோல்களால் 3-0 என்று வென்றது. நான்கு நாள் கழித்துக் கொல்கத்தாவில் 1-2 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று இறுதிக்குச் சென்றது. நன்னூல் கற்றவர்கள் இங்கே ஒன்றை நினைவுகொள்ளலாம். இன்று உடைமைப் பொருளில் நாம் தாராளமாகப் புழங்கும் 'இன்', மரபிலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமை உருபு. அதன் பொருள்களில் ஒன்று நீங்கல். சென்னையின் நீங்கிய அணி என்று அந்த டிசம்பரில் அப்பெயரைப் படித்திருந்தால் பிழையில்லை. வீட்டை விட்டு வெளியேறியவர்களின் நகரத்துக்கு, வீட்டை விட்டு வெளியேறிய ஓர் அணி.

*

டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. வெள்ளம் புகுந்த தெருக்களில் கோலம் போட வேண்டிய இடங்களில் நனைந்த மெத்தைகள் குவிந்து கிடந்த மார்கழி அது. இறுதியாட்டம் கோவாவின் ஃபதோர்டா அரங்கில். லீக்கில் முதலிடம் பெற்ற கோவா, தன் சொந்த மைதானத்தில், ஜிகோவின் பயிற்சியில் களமிறங்கியது. அரங்கம் முழுதும் அவர்களுடைய ரசிகர்கள்.

இடைவேளைவரை கோல் இல்லை. 54ஆவது நிமிடத்தில் பெலிஸாரி அடித்த பெனால்டியைக் கோவாவின் கோல்காப்பாளர் கட்டிமணி தடுத்தார். திரும்பி வந்த பந்தைப் பெலிஸாரியே உள்ளே தள்ளினார். நான்கே நிமிடங்களில் ஹாவோகிப் சமன் செய்தார். 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் அனுப்பியபோது எல்லாம் முடிந்ததென்றே தோன்றியது. கோவாவில் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. ஆனால் 90ஆவது நிமிடத்தில், நெருக்கடியில் தடுமாறிய கட்டிமணியின் கைபட்டுப் பந்து அவருடைய வலைக்குள்ளேயே விழுந்தது. கூடுதல் நேரத்தின் இரண்டாம் நிமிடத்தில் கொலம்பியரான மெண்டோசா, அத்தொடரில் தன் பதின்மூன்றாம் கோலை அடித்தார். 3-2. ஐந்து நிமிடங்களில் ஒரு கோப்பை கைமாறியது.

அந்த ஐந்து நிமிடங்களை ரசிகர் எவரும் ஒரே விதமாகச் சொல்வதில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்துபோனவர்கள் உண்டு. தரைத்தளத்தின் தொலைக்காட்சிப் பெட்டி வெள்ளத்தில் போய்விட, கைப்பேசியில் கோல் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. கல்கத்தாவின் காற்றாடிகள் நூறாண்டுக்குப் பின் கைப்பேசித் திரைக்கு இறங்கியிருந்தன, அவ்வளவுதான். வெற்றியைச் சென்னை மக்களுக்கு அர்ப்பணிப்பதாக அணியினர் அறிவித்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சொந்தக் கோலால் இறுதியாட்டத்தை இழந்த அரங்கத்தின் மௌனமும் இவ்வெற்றியின் பகுதியே. ஆட்டத்துக்குப் பின் எழுந்த தகராறில், கோவா அணியின் உரிமையாளர்களில் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் சென்னை அணியின் பிரேசில் வீரர் எலானோ கைதுசெய்யப்பட்டு, பிணையில் விடுவிக்கப்பட்டார். தூய தேவகதைகள் விளையாட்டில் இல்லை.

*

இந்த வெற்றி யாருடையது என்ற கேள்வி அன்றே எழுந்தது. உரிமையாளர்கள் திரைநட்சத்திரமும் கிரிக்கெட் நட்சத்திரமும் தொழில்முனைவோரும். பயிற்சியாளர் இத்தாலியர். கோல் அடித்தவர்களில் தமிழர் எவருமில்லை. ஏலத்தில் கட்டப்பட்ட ஓர் அணியை எளியோரின் அணி என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மோகன் பகானின் பதினொருவர் அந்த மண்ணிலிருந்து எழுந்தவர்கள். இவர்களோ நகரத்தின் பெயரை ஒப்பந்தத்தில் பெற்றவர்கள்.

எனினும் ரசிகனின் உரிமை, அணியின் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை என்றே எனக்குப் படுகிறது. எதை இழந்திருக்கிறோமோ அதைக்கொண்டுதான் நாம் ஒரு வெற்றியை அடையாளம் காண்கிறோம். 1911இல் கல்கத்தாவுக்கு இல்லாதிருந்தது சுயமரியாதை. 2015 டிசம்பரில் சென்னைக்கு இல்லாதிருந்தது காய்ந்த தரை. கடைசி இடத்தில் கிடந்து, வீடிழந்து, அந்நிய ஊரில் கடைசி நிமிடத்தில் மீண்ட ஓர் அணியில் அந்நகரம் தன்னைக் கண்டுகொண்டது இயல்பே. அதில் போலித்தனம் எதுவும் இல்லை.

போலித்தனம் பிறகு வந்தது. 'மீண்டெழுந்த சென்னை' என்ற தொடர் விளம்பரங்களுக்கு வசதியாகிப்போயிற்று. கோப்பையும் அந்தக் கதையின் அணிகலன்களில் ஒன்றானது. ஆனால் மீண்டெழ அனுமதிக்கப்படாதவர்கள் இருந்தார்கள். அடையாற்றின் கரைகளில் பல தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள், வெள்ளத்தைக் காரணம் காட்டி, நகரின் விளிம்பிலுள்ள பெரும்பாக்கம் போன்ற இடங்களின் அடுக்ககங்களுக்கு அகற்றப்பட்டன. வேலையும் பள்ளியும் ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டன. அந்த வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறை 2018இல் வெளியான அறிக்கையில் கூறியது. தோற்பார்கள் என்று ஊரே முன்கூட்டி ஒப்புக்கொண்டுவிட்டவர்கள் உண்மையில் இவர்கள்தாம். இவர்களுக்குக் கூடுதல் நேரம் எதுவும் வழங்கப்படவில்லை. எளியவன் வெல்வதைத் திரையில் கண்டு கண் கலங்கும் நாம், எளியவன் பக்கத்துத் தெருவிலிருந்து லாரியில் ஏற்றப்படும்போது என்ன செய்தோம் என்ற கேள்வி, அந்தக் கோப்பையின் அடியில் பொறிக்கப்படாத வாசகம்.

பிந்தைய ஆண்டுகள் வேறு சில திருப்பங்களையும் தந்தன. 2018 அரையிறுதியில் அதே கோவாவை 3-0 என்று வென்றபோது அவற்றுள் ஒரு கோலை அடித்தவர் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ். கூவத்துக்கு அப்பாலிருந்து ஒரு சென்னைக்காரரின் கோலுக்குத் தென்சென்னை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. இறுதியாட்டத்தில் பெங்களூரை அதன் சொந்த அரங்கிலேயே 3-2 என வீழ்த்தி அணி இரண்டாம் முறை கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டே, கோவையைத் தளமாகக் கொண்டு ஆடிய 'சென்னை சிட்டி' என்ற சிறிய அணி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. பெயர் ஓர் ஊருக்கும் ஆரவாரம் வேறோர் ஊருக்குமாக அமைந்த அவ்வெற்றியும், ஓர் அணி எவருடையது என்ற பழைய கேள்வியையே திரும்பக் கேட்டது.

விளையாட்டு எவருடைய வெள்ளத்தையும் வடியச் செய்வதில்லை. அது செய்யக்கூடியது மிகச் சிறிய காரியம். முடிவு தெரிந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்து போகும் நேரத்தில், முடியவில்லை, கொஞ்சம் பொறு என்று சொல்வது. 2015 டிசம்பரில் ஒரு நகரம் அந்தச் சொல்லைக் கேட்டது; தனக்காகக் கேட்டது. அதைத் தன் ஆற்றங்கரை மனிதர்களுக்காகவும் கேட்டிருந்தால், அந்தப் பெயரின் முடிவில் நிற்கும் 'இன்' நீங்கலைக் குறிக்காமல் உடைமையைக் குறித்திருக்கும்.